அல்லிராணியின் சுவர்

என் மேசைமீது கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று கிடக்கிறது. வெடித்துப் பொருக்கு விட்ட சுதைச் சுவர். அதன் நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். தலை போன்றதொரு வட்டம் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறது. தோளும் இடையும் தெரிகின்றன. உயர்த்திய கை என்று சொல்லத்தக்க ஒரு கீற்றும் உண்டு. முகம் மட்டும் இல்லை. இப்படத்தை நான் எடுத்தது 2012ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மன்னாரை அடுத்த அரிப்புக் கடற்கரையில். சுவரில் இருந்தது ஓவியமா, வெறுங் கறையா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

மன்னார்த் தீவினின்று பாலங் கடந்து தெற்கே சென்றால், வங்காலையும் நானாட்டானும் கழிய, அருவி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அரிப்பு என்னும் ஊர் வருகிறது. கண்டியரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1679இல் இந்த ஆற்றின் வழியே தப்பி வந்துதான் இங்கிருந்த ஒல்லாந்தரை அடைந்தார். ஊருக்குத் தெற்கே செம்மண் மேட்டின் விளிம்பில், கூரையற்று, பருத்த தூண்களோடு ஒரு செங்கற் கட்டடம் நிற்கிறது. நூல்களில் அதன் பெயர் 'டொரிக்'. ஊரவர் வாயில் அது அல்லிராணி கோட்டை.

அல்லிக்கும் அந்தக் கட்டடத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யத் தமக்கென 1801 முதல் 1804 வரை எழுப்பிய மாளிகை அது. பழைய கிரேக்கரின் டொரிக் தூண்முறையைத் தழுவி, வரைபடத்தையும் அவரே வகுத்தார். ஜேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியார் 1807இல் வெளியான தம் இலங்கை வருணனையில், இத்தீவின் கட்டடங்களுள் இதற்கு நிகர் வேறில்லை என்று வியந்திருக்கிறார். கல் கிடைக்காத கரை அது. ஆகவே செங்கல்லை அடுக்கி, முத்துச்சிப்பி ஓடுகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பால் மேற்பூச்சுப் பூசினார்கள். முத்தை எடுத்துக்கொண்டு எறிந்த ஓட்டிலிருந்தே முத்துக்காரரின் மாளிகைக்கு வெள்ளை கிடைத்தது.

சலாப காலத்தில் இக்கரை பட்டணமாகிவிடும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரர் வந்து குவிவர். சுறாவின் வாயைக் கட்டவல்லவர் எனப்பட்ட கடல்கட்டி மந்திரஞ் சொல்லாமல் அவர்கள் நீரில் இறங்குவதில்லை. ஆனால் கம்பெனியார் 1796 முதல் 1798 வரை மூன்று ஆண்டுகள் விடாது வாரிய வாரலில், நோர்த் வந்து சேர்ந்தபோதே பார்கள் வறண்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டில், 1907க்குப் பின்னர் பெருஞ்சலாபம் என்று சொல்லத்தக்க ஒன்று நிகழவுமில்லை. முத்துப் போனபின் மாளிகைக்கு ஆளில்லை. ஆளில்லாத மாளிகைக்குக் கதை வந்து குடியேறியது. புகழேந்தியார் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் அவள் மதுரையை ஆண்டவள், ஆடவரை அண்டவிடாதவள். இந்தக் கரையிலோ அவள் தெற்கே குதிரைமலையிலிருந்து முத்துக் கடலை ஆண்டவள். பிரெடரிக் நோர்த் என்ற பெயரை எந்த மீனவனும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

நான் போனது போர் முடிந்த மூன்றாம் ஆண்டில். வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நான் தூண்களைப் படமெடுப்பதைக் கண்டு அருகே வந்தார்.

"தூணைத்தான் எல்லாரும் எடுக்கினம், மாஸ்டர். அல்லிராணி உள்ளுக்கை நிக்கிறா, பார்க்கேல்லையோ?"

அழைத்துச் சென்று கடலைப் பார்த்த சுவர் ஒன்றைக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றுமே தென்படவில்லை. அவர் விரலால் காற்றிலே வரைந்து காட்டியபோது, செம்மையும் பழுப்பும் கலந்த ஒரு நிழல் மெல்ல எழுந்தது. எழுந்தபின் அதனைக் காணாதிருக்க முடியவில்லை.

என் நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இத்தகைய நிழல்களிலிருந்தே தமிழரின் பழைய ஓவியங்கள் வெளிவந்தன. 1931இல் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் வண்ணத்தைக் கண்டறிந்தார் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய். அதே ஆண்டில், தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருட்டு நடையில், நாயக்கர் காலப் பூச்சு உரிந்த இடத்தில் சோழ ஓவியத்தைக் கண்டார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி. பனைமலைக் கோயிலில், குடையின்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியை நானே பார்த்திருக்கிறேன். பாதி உடல் அழிந்துவிட்டது. எனினும் மிஞ்சிய பாதி போதும். பல்லவரும் சோழரும் எங்கே, நேற்று வந்த வெள்ளைக்காரன் வீட்டுச் சுவர் எங்கே என்று அறிவு சொல்லத்தான் செய்தது. ஆசை கேட்டால்தானே!

அப்பொழுது நண்பகல். மேற்குச் சுவரின் மீது வெயில் பக்கவாட்டாகச் சறுக்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் நிழலை ஊற்றிக்கொண்டிருந்தது. கருவியின் கண்ணாடி வழியே பார்த்தால் பள்ளங்கள் தெரிந்தன, உருவம் தெரியவில்லை. மாலை நாலு மணி வரை பொறுத்திருந்தால் கதிரவன் நேரே சுவரைப் பார்த்திருப்பான். உருவம் தானாகவே தெளிந்திருக்கும். எனக்கோ பேருந்து ஞாபகம். தயங்கி நின்றபோது முதியவரே வழி சொன்னார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்கோ. ஆள் பளிச்செண்டு தெரிவா."

நனைந்தால் மங்கிய நிறம் எழும் என்பது எனக்கும் தெரியும். அது தகாத செயல் என்பதும் தெரியும். ஆயினும், "ஒருக்கா ஊத்துங்கோ, அண்ணை" என்றேன். அவர் வள்ளத்திலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிக் கடல்நீரையே மொண்டு வந்தார். நன்னீர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாளி கவிழ்ந்த கணத்தில் அவள் வந்தாள். அதைத்தான் என்னால் சொல்ல முடியும். சாய்ந்த தலை, தோள், உயர்ந்த கை. மூன்று படங்கள் எடுத்தேன். ஈரம் உலர உலர அவளும் சுவருக்குள் போய்விட்டாள்.

மறுபடி நான் அங்கே போக வாய்த்தது 2022இல். இடையே கடல் மேட்டை இன்னும் கடித்திருந்தது. தூண்கள் நின்றன, சுவரும் நின்றது. ஆனால் அந்த இடத்தில் பூச்சு இல்லை. ஏறத்தாழ ஒரு கதவின் அளவுக்குச் சுதை உரிந்து, செங்கல் வாய்விட்டுக் கிடந்தது. சுண்ணாம்பு உறிஞ்சிய உப்புநீர் உள்ளே உலரும்போது உப்பு படிகமாகிப் பருக்கும். பருத்து, மேற்பூச்சைப் பொருக்காகத் தள்ளிவிடும். இருநூறு ஆண்டுக் கடற்காற்றின் உப்புக்கு முன் என் ஒரு வாளி எம்மாத்திரம் என்று எண்ணிப் பார்த்தேன். பக்கத்துச் சுவர்களிலும் பூச்சு உதிர்ந்துதான் இருந்தது. ஆனால் கதவளவு உரிந்திருந்த இடம் அது ஒன்றே.

எஞ்சியது படம். பாறை ஓவியம் ஆய்வோர் டி-ஸ்ட்ரெட்ச் என்னும் கணினி முறையைக் கையாளுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் நிறங்களை அது வேறுபிரித்து விரித்துக் காட்டும். தீட்டிய காவி தனியே எழும், பாசியும் மண்கறையும் தனியே நிற்கும். என் மாணவன் ஒருவன் அதில் தேர்ந்தவன். படத்தை அவனுக்கு அனுப்பினேன். அவன் மரியாதையாகப் பதில் எழுதினான்: "சேர், பிரித்தெடுக்க இதில் நிறம் வேண்டுமே."

இளமை முதல் கறுப்பு வெள்ளைப் படச்சுருளே கலை என்று பிடிவாதமாயிருந்தவன் நான். அச்சுருளில் சுவரின் செம்மையும் பாசியின் பசுமையும் ஒரே சாம்பலாகவே விழும். அன்றைக்கு என் பைக்குள் ஒரு செந்நிற வடிகண்ணாடி இருந்தது. அதனை மாட்டி ஒரு படம், மாட்டாமல் ஒரு படம் எடுத்திருந்தால், செம்மை வெளுத்திருக்கும், பசுமை கறுத்திருக்கும். ஓரளவேனும் உண்மை விளங்கியிருக்கும். மூன்று படங்களையும் ஒரே மாதிரியே எடுத்திருக்கிறேன். பூச்சு ஈரமாயிருக்கையில் தீட்டிய வண்ணமா, செங்கல்லிலிருந்து ஊறிய செம்மண்ணா என்று சோதிக்கத் துண்டுச் சுதை கிடைக்குமா என அடிவாரத்தைக் கிளறிப் பார்த்தேன். மணலும் சிப்பித்தூளும் வந்தன.

அதே முதியவரைத் தேடிப் போனேன். கண் மங்கியிருந்தது; ஆளை அடையாளங் கண்டுகொண்டார். பெரிதாக அச்சிட்ட பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். முற்றத்து வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் நெடுநேரம் பார்த்தார்.

"இது அவ இல்லை, மாஸ்டர்."

"அண்ணை காட்டின சுவர்தானே?"

"சுவர் அதுதான். அவ இடக்கையைத் தூக்கி நிண்டவ. இது வலக்கை."

அச்சிட்டவர் தலைகீழாய்ப் போட்டிருப்பாரோ என்று வீட்டுக்கு வந்து மூலச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு எழுத்துக்கள் நேராகவே இருந்தன. படம் சரி. முதியவர் அதனை எனக்கே திருப்பித் தந்துவிட்டார்.