ஓடுதடத்திலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு: பதக்கத்தோடு இன்னும் என்ன வேண்டும்?

பள்ளிகளுக்கு இடையிலான திடல்தடப் போட்டிகள் முடியும் பருவத்தில் தெம்பனிஸ் வட்டார வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளை நன்றாக ஓடுகிறான், மகள் நீளம் தாண்டுதலில் பதக்கம் வாங்கியிருக்கிறாள்; இதை வைத்து அமெரிக்காவில் உபகாரச் சம்பளத்துடன் படிக்க முடியுமா?

முடியும். ஆனால், அந்த வாய்ப்பை ஓட்டத்தின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உயர்நிலை 3ல் வாங்கிய மதிப்பெண், போட்டியிட்ட தேதி, தேசிய சேவைக்குச் சென்ற ஆண்டு, எப்போது யாருக்கு எழுதினோம் என்பது எல்லாமே கணக்கில் வருகின்றன. திறமை இருந்தும் வாய்ப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தாமதமாகத் தெரிந்துகொள்பவர்கள்தாம்.

தேஜஸ்வின் சங்கர் சென்ற பாதை

இந்தப் பாதையில் சென்ற தமிழர்களில் பலரும் அறிந்தவர் உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் கிரிக்கெட்டில் வேகப் பந்து வீசிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டுதலுக்கு மாற்றியவர் உடற்கல்வி ஆசிரியர். 2016ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையர் போட்டியில் அவர் 2.26 மீட்டர் தாண்டி இந்தியாவின் தேசியச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்கு முழு உபகாரச் சம்பளம் தந்து சேர்த்துக்கொண்டது.

2018ல், முதலாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே, அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றார். 2022ல் 2.27 மீட்டர் தாண்டி மறுபடியும் அதே பட்டத்தைப் பெற்றார். இடையில் வணிகப் படிப்பை முடித்து, கணக்கியலில் முதுகலைப் பட்டமும் பெற்று, டெலாய்ட் நிறுவனத்தில் வேலைக்கும் சேர்ந்தார்.

அவருடைய கதையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிப் பருவம் ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை நீள்கிறது. 2022ல் கல்லூரிப் போட்டி காரணமாக இந்தியாவில் நடந்த தகுதிச் சுற்றில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. அதனால், தகுதி உயரத்தைத் தாண்டியிருந்தும் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அணியில் முதலில் அவர் பெயர் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகே இடம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் பத்து அங்கப் போட்டியில் வெள்ளியும் வென்றார்.

சிங்கப்பூர்ச் சீருடை அணிய விரும்பும் இளையரும், வெளிநாட்டில் படிக்கும் காலத்தில் உள்ளூர்த் தகுதிச் சுற்றுகளை எப்படிச் சமாளிப்பது என்று முன்கூட்டியே சங்கத்திடம் பேசிவைப்பது நல்லது.

எல்லாருக்கும் முழு உபகாரச் சம்பளம் இல்லை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது என்சிஏஏ அமைப்பு. அதில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் உண்டு. மூன்றாம் பிரிவில் இல்லை; அங்கே கல்வித் தகுதிக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டுமே. ஐவி லீக் என்று அழைக்கப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் இருந்தாலும் விளையாட்டு உபகாரச் சம்பளம் வழங்குவதில்லை. சிங்கப்பூரின் உயரம் தாண்டும் வீரர் கேம்ப்டன் காம் சேர்ந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அந்த எட்டில் ஒன்று. என்ஏஐஏ என்ற தனி அமைப்பில் உள்ள சிறிய கல்லூரிகளும் ஈராண்டு சமூகக் கல்லூரிகளும் வேறு வழிகள்.

திடல்தடத்தில் முழுத் தொகையும் பெறுவோர் குறைவு. நீண்ட காலமாக முதல் பிரிவில் ஆண்கள் அணிக்கு 12.6 முழு உபகாரச் சம்பளங்களும் பெண்கள் அணிக்கு 18ம்தான் அனுமதிக்கப்பட்டன. அதை அணியில் உள்ள பலருக்குப் பயிற்றுவிப்பாளர் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்குக் கல்விக் கட்டணத்தில் பாதி, இன்னொருவருக்குப் புத்தகச் செலவு மட்டும் என்பது வழக்கமான நிலை.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டுக்குப் பின் இந்த முறை மாறியது. உடன்பாட்டில் சேர்ந்த முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் உபகாரச் சம்பள எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. அணியின் அளவுக்குத்தான் வரம்பு. திடல்தடத்தில் ஆண்களுக்கு 45 இடம், பெண்களுக்கு 45 இடம். காகிதத்தில் இது தாராளமாகத் தெரிகிறது. ஆனால், பணம் பல்கலைக்கழகத்தின் விருப்பத்தையும் வசதியையும் பொறுத்தது. அணியின் அளவு கட்டுப்படுத்தப்பட்டதால், உதவி இல்லாமலாவது சேர்ந்து பிறகு முன்னேறலாம் என்று எண்ணியவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது.

அதனால் இரண்டாம் பிரிவைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. மலேசியாவின் 400 மீட்டர் வீராங்கனை ஷெரீன் சாம்சன் வல்லபாய் படித்தது மினசோட்டா மாநிலத்தின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். 2022ல் இரண்டாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்ற அவர், 1993 முதல் நிலைத்திருந்த மலேசியச் சாதனையையும் அதே ஆண்டில் முறியடித்தார். சென்னையைச் சேர்ந்த எறிதல் வீராங்கனை கிருஷ்ணா ஜெயசங்கர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் தொடங்கி நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் வளாகத்துக்கு மாறினார். 2025ல் உள்ளரங்கக் குண்டு எறிதலில் 16 மீட்டரைக் கடந்தார். முதலில் கிடைக்கும் இடமே கடைசி இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் பயணம் ஓர் எடுத்துக்காட்டு.

உயர்நிலை 3லிருந்தே கணக்கு

விளையாட்டு உபகாரச் சம்பளத்துக்கு மதிப்பெண் தேவையில்லை என்பது பரவலான தவறான எண்ணம். என்சிஏஏவின் தகுதி மையம், ஒன்பதாம் ஆண்டிலிருந்து எல்லாக் கல்விச் சான்றுகளையும் கேட்கிறது. சிங்கப்பூரில் அது உயர்நிலை 3. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் போன்ற 16 அடிப்படைப் பாடங்களின் சராசரியை மையம் தன் முறையில் கணக்கிடுகிறது. நான்குக்கு, முதல் பிரிவில் குறைந்தது 2.3 புள்ளியும் இரண்டாம் பிரிவில் 2.2 புள்ளியும் வேண்டும். சாட் தேர்வை மையம் இப்போது கேட்பதில்லை. ஆயினும் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்காகக் கேட்கின்றன.

நல்ல மதிப்பெண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. பயிற்றுவிப்பாளரிடம் பணம் குறைவாக இருக்கும்போது, கல்விக்காகப் பல்கலைக்கழகம் தரும் உதவியைச் சேர்த்துக்கொள்ளலாம். பாதி விளையாட்டிலிருந்தும் பாதி படிப்பிலிருந்தும் வரும் உதவிதான் பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி.

தேசிய சேவையும் காலக் கணக்கும்

ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை முதல் கேள்வி. பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சேவையைத் தள்ளிப்போட அனுமதி கிடைப்பதில்லை. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்தது ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ள சிலருக்கு மட்டும் தரப்படும் அபூர்வமான சலுகை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே அவர் 2016ல் ரியோவில் தங்கம் வென்றார். அதை எல்லாரும் எதிர்பார்க்க முடியாது. சேவைக்கு முன்பே வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 13 வயதுக்கு மேற்பட்ட பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி பெற வேண்டும். நீண்ட காலம் தங்குவதற்குப் பெற்றோர் பிணைப்பத்திரம் தர நேரும். அதன் அளவு 75,000 வெள்ளி அல்லது பெற்றோரின் கூட்டு ஆண்டு வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது.

சேவை முடித்துச் செல்பவர் 20 அல்லது 21 வயதில் முதலாம் ஆண்டில் சேர்வார். இங்கேதான் என்சிஏஏவின் காலக் கணக்கு குறுக்கிடுகிறது. முதல் பிரிவு விதிப்படி, பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டுக்குள் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் தொடர்ந்து கலந்துகொண்டால், கல்லூரியில் போட்டியிடக்கூடிய நான்கு பருவங்களில் சில கழிக்கப்படலாம். முதல் ஆண்டு போட்டியிடாமல் உட்கார வேண்டியும் வரலாம். ராணுவச் சேவைக்கு விதிவிலக்கு கேட்க இடமுண்டு. ஆனால், அது தானாக வந்து சேராது. சேவையில் சேர்ந்த தேதி, முடித்த தேதி, இடையில் ஓடிய போட்டிகள் ஆகியவற்றுக்கான ஆவணங்களைப் பாதுகாத்துவைத்து, தகுதி மையத்திடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு விடை பெற வேண்டும்.

தெமாசெக் போன்ற பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் படிப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உயர்கல்வி நிலையம் ஒன்றில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து முதல் பிரிவின் ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பட்டயப் படிப்பை மையம் உயர்கல்வியாகக் கணக்கிட்டால் மூன்று ஆண்டுகள் அங்கேயே கழிந்துவிடும். இரண்டாம் பிரிவு படித்த பருவங்களை மட்டும் எண்ணுகிறது. மொத்தம் பத்துப் பருவம். பட்டயம் முடித்துத் தேசிய சேவையும் ஆற்றியவருக்கு அது கூடுதல் இடம் தரும். விதிகள் அடிக்கடி மாறுவதால், சென்ற ஆண்டு ஓர் அண்ணன் போன வழியை அப்படியே நம்பாமல் நேரடியாகக் கேட்பதே பாதுகாப்பு.

பயிற்றுவிப்பாளருக்கு எப்படி எழுதுவது?

அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர்கள் தெம்பனிசுக்கு வந்து ஆள் தேட மாட்டார்கள். மாணவரே மின்னஞ்சல் எழுத வேண்டும். பெயர், பிறந்த ஆண்டு, படிப்பு முடியும் மாதம், மதிப்பெண், சிறந்த நேரம் அல்லது தூரம், அது பதிவான போட்டி, ஒரு குறுங்காணொளி ஆகியவை ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும்.

எண்கள் சரிபார்க்கக் கூடியவையாக இருக்க வேண்டும். கைக்கடிகார நேரத்தை அவர்கள் ஏற்பதில்லை. மின்னியல் நேரக்கணிப்பு வேண்டும். குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் காற்றின் வேகத்தையும் குறிப்பிட வேண்டும். வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று வீசினால் அந்த அளவு ஏற்கப்படாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்கள் எறிவது 5 கிலோ குண்டு, கல்லூரியில் 7.26 கிலோ. தடை தாண்டும் ஓட்டத்தில் தடையின் உயரமும் கூடுகிறது. எந்த எடை, எந்த உயரம் என்று சொல்லாத எண்ணால் பயனில்லை.

காலமும் முக்கியம். மேல்நிலைத் தேர்வு நடக்கும் நவம்பரில்தான் அமெரிக்காவில் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகத் தொடங்குகின்றன. தேர்வு முடிவு வரும்வரை காத்திருப்பவருக்குப் பெரும்பாலும் மிச்சம்தான் கிடைக்கும். தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டிலேயே எழுதத் தொடங்குவது உகந்தது.

இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகு நிறுவனங்களிடம் கவனம் தேவை. கிடைக்கும் உபகாரச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவது என்சிஏஏ விதிக்கு எதிரானது. மாணவரின் தகுதியையே அது கெடுக்கலாம். போட்டிகளில் பரிசுப் பணம் வாங்குவதற்கு முன்பும் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கையெழுத்திடும் முன்

உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். காயம்பட்டால் தொடருமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தரப்படும் தொகைக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தரப்படும் பகுதியில் வெளிநாட்டு மாணவரிடம் பொதுவாக 14 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில், வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரைதான் வேலை செய்யலாம். அமெரிக்க மாணவர்கள் விளம்பரங்களில் சம்பாதிப்பதைப் பார்த்து அதே வழியில் இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. விமானக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி, விடுமுறைக் காலச் செலவு ஆகியவற்றையும் வெள்ளிக் கணக்கில் எழுதிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கடல் கடந்து போகாமலும் உயரலாம். சாந்தி பெரேரா சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியிலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 2023ல் ஆசிய விளையாட்டுகளின் 200 மீட்டர் ஓட்டத்தில் அவர் வென்ற தங்கம், 1974க்குப் பிறகு அந்த விளையாட்டுகளின் திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம்.

எனவே, ஒப்பந்தம் மேசைக்கு வரும்போது குடும்பம் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டில் தொடைத் தசை கிழிந்து ஓட முடியாமல் போனாலும், பிள்ளை இந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை முடிக்க விரும்புவானா? அதற்கு நம்மால் செலவு செய்ய முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தைரியமாகக் கையெழுத்திடலாம்.