இரத்தச் சுத்திகரிப்பும் மறைந்து வாழும் வைரஸும்



சிறுநீரகங்கள் செயலிழந்தவரின் உடலில் தேங்கும் கழிவுகளையும் மிகையான நீரையும் இயந்திரத்தின் துணையுடன் அகற்றுவதே இரத்தச் சுத்திகரிப்பாகும். வழமையாக வாரத்தில் 3 தடவைகள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணித்தியாலங்கள் இச்சிகிச்சை நடைபெறும். உயிர் காக்கும் இவ்வழியே, கவனம் தவறுமிடத்து, குருதியால் பரவும் வைரஸ்களுக்கும் வழியாகிவிடுகின்றது. அவற்றுள் முதன்மையானவை ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய ஈரலழற்சி வைரஸ்களாகும்.

இது வெறும் அச்சமன்று. 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு சுத்திகரிப்புப் பிரிவில் பி வைரஸ் பரவியபோது, நோயாளர்கள் மாத்திரமன்றி அவர்களைப் பராமரித்த பணியாளர்களும் உயிரிழந்தனர். பி வைரஸ் உலர்ந்த மேற்பரப்பிலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்த்திருக்கும் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இவ்வைரஸ்களின் பெருந்தீங்கு அவற்றின் மௌனமேயாகும். சி வைரஸ் தொற்றியோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேரிடம் அது நிலைத்துவிடுகின்றது. அவ்வாறு நிலைத்தோரில் நூற்றுக்கு 15 முதல் 30 வரையானோருக்கு 20 ஆண்டுகளுக்குள் ஈரல் சுருங்கி இறுகும் நோய் ஏற்படலாம். சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறலாம். சுத்திகரிப்புப் பெறுவோரிடம் ஈரல் நொதியங்களின் அளவு இயல்பாகவே தாழ்ந்திருப்பதால், நோய் உள்ளபோதும் பரிசோதனை அறிக்கை நலமெனக் காட்டக்கூடும். ஆகவே வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனை அவசியமாகின்றது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும் வேளையில் ஆபத்து மேலும் கூடுகின்றது. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க வழங்கப்படும் மருந்துகள் நிர்ப்பீடனத்தைத் தாழ்த்துவதால், உறங்கிக்கிடந்த பி வைரஸ் விழித்தெழலாம். சி வைரஸோ பொருத்தப்பட்ட சிறுநீரகத்தையே பழுதாக்கலாம்.

அவ்வாறாயின் பரிகாரம் யாது? அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டில் சுத்திகரிப்பு நோயாளருள் நூற்றுக்கு 3 பேருக்குப் பி வைரஸ் புதிதாகத் தொற்றியது. 1977இல் ஒழுங்கான குருதிப் பரிசோதனை, தொற்றுள்ளோருக்குத் தனி அறையும் தனி இயந்திரமும், கடும் சுத்தம் ஆகியன விதந்துரைக்கப்பட்டன. தடுப்பூசி பாவனைக்கு வரும் முன்னரே, 1980இல் அத்தொகை 1 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு நோயாளருக்கும் கையுறையை மாற்றுதலும் கையைக் கழுவுதலும் அற்பமான காரியங்களல்ல. பிறர் உயிர் பற்றிய அமானிதமாகும்.

பி வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் முன்னரே அதனைப் பெறுவது சிறந்தது. பிந்தினால் உடல் போதிய பிறபொருளெதிரிகளை உருவாக்குவதில்லை. எனவே சுத்திகரிப்பு நோயாளருக்குக் கூடிய அளவு மருந்து ஏற்றப்பட்டு, ஆண்டுதோறும் குருதி சோதிக்கப்படுகின்றது. சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. எனினும் 8 முதல் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். சுத்திகரிப்புப் பெறுவோருக்கும் இவை பொருந்தும். ஆயினும் குணமடைந்தவருக்கு மீண்டும் தொற்றலாம் என்பதால் எச்சரிக்கை தொடரவேண்டும்.

நேயர்களே! ஒரே தட்டில் உண்பதாலோ கைகொடுப்பதாலோ இவை தொற்றுவதில்லை. சவர அலகு, பற்தூரிகை, சீனி பார்க்கும் ஊசி ஆகியவற்றை மாத்திரம் பகிராதிருங்கள். இயந்திரத்தின் அருகே ஆண்டுக்கணக்கில் பொறுமை காக்கும் நோயாளியை வீட்டிலும் ஒதுக்கி வைத்தால், வைரஸ் செய்யாத காயத்தை நாமே செய்தவர்களாவோம்.