நெரிசலின் வால்

மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்த ஏறக்குறைய 100 மீட்டர் வேண்டும். சரக்கேற்றிய பெரிய லாரிக்கு 160 மீட்டர். வளைவுக்கு அப்பால் வண்டிகள் நின்றுகொண்டிருந்தால் அந்தத் தூரம் கிடைப்பதில்லை. நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டவருக்கு எரிச்சலோடு போயிற்று. உயிர்ப்பயம் அதன் வாலில் வந்து சேர்பவருக்குத்தான். அமெரிக்காவின் இந்தியானா மாநில விரைவுச் சாலைகளில், நெரிசல் நேரத்து விபத்து விகிதம் மற்ற நேரத்தைவிட 20 மடங்குக்கும் மேல் என்று பர்டியூ பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள்.

வால் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். தடை எதுவும் இல்லாமலே நெரிசல் உண்டாகி, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது.

இந்த வாலைப் பிடிக்க இந்தியானாவில் கையாளும் வழி எளிமையானது. சாலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த துண்டுகளின் வேகத்தை ஓயாமல் ஒப்பிடுகிறார்கள். இரண்டிலும் 30 கிலோமீட்டர் என்றால் அது வெறும் நெரிசல். ஒன்றில் 110, அடுத்ததில் 30 என்றால்தான் ஆபத்து.

வேகக் கணக்கு வண்டிகளிடமிருந்தே வருகிறது. புதிய கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்திய மோடம், சில நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தையும் வேகத்தையும் அனுப்பிவிடும். பர்டியூ ஆய்வுக்குக் கிடைத்தது நூற்றில் நாலைந்து வண்டிகளின் தரவுதான். வண்டிகள் மொய்க்கும் சாலையில் அதுவே தாராளம்; மூடுபனியில் கேமரா குருடானாலும் இது தடுமாறாது.

திடீர் பிரேக்குகளும் இதில் பதிவாகின்றன. விபத்துக் கணக்கு சேர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரேக் கணக்கு சில நாளிலேயே சேர்ந்துவிடும். எந்த இடம் மோசம் என்று யாரும் சாகும் முன்பே தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

கண்டுபிடித்ததைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டுமே! விளக்குப் பலகை வைத்த லாரியை வாலுக்கு வெகுதூரம் முன்பே சாலையோரம் நிறுத்துகிறார்கள். செல்பேசிச் செயலிகளுக்கும் செய்தி போகிறது. அப்படி எச்சரித்த இடங்களில் திடீர் பிரேக்குகள் சுமார் 80 சதவீதம் குறைந்தன.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஓட்டுநர்களின் இருப்பிட, பிரேக் விவரங்களைத் தெளிவான ஒப்புதலின்றி விற்றதாக, 2025 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்த விவரங்கள் காப்பீட்டுக் கட்டணத்தை நிர்ணயிப்பதுவரை போயிருக்கின்றன. நெரிசலைக் கண்டுபிடிக்க வண்டியின் வேகம் போதும். ஓட்டுபவர் பெயர் எதற்கு? மோடம் வைத்த கார் வாங்குபவர்கள் அந்த ஒப்புதல் பக்கத்தைப் படித்துவிட்டே சம்மதம் சொல்லுங்கள்.