மலையேறப் போகிறவர்களே, முன்வாசலால் போங்கள்

ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையும் ஓகஸ்டில் பாடசாலை விடுமுறையும் வந்துவிட்டால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வான்கள் மலைநாட்டுக்குப் புறப்பட்டுவிடும். தமிழ்நாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிற இளைஞர்களும் இப்போது எல்ல, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்திறங்குகிறார்கள். கூட்டாளிகளோடு மலையேறுவதைப் போல உடம்புக்கும் மனதுக்கும் நல்லது அதிகமில்லை; பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் விடுமுறை முடிகிற வாரத்தில் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஏதாவதொரு நீர்வீழ்ச்சியின் பெயரோடு ஓர் இளவயது மரணச் செய்தி வந்துவிடுகிறது. அவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் மனதை வருத்துகிறது.

முதலில் நுழைவுச்சீட்டைப் பற்றிப் பேசவேண்டும். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் பாதுகாப்பு வனம். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டோடு சேர்த்து இந்த மூன்றையும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. இங்கெல்லாம் சீட்டெடுத்து, குறித்த வாசலால், குறித்த நேரத்தில் போகவேண்டும். காட்டில் கூடாரமடிக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். சில நூறு ரூபாயை மிச்சம்பிடிக்கத் தோட்டத்து லயன்களுக்குப் பின்னால் ஏறும் குறுக்குப்பாதையால் நுழைகிறவர்கள் அதிகம். அவர்கள் செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பாரதூரமானது, அவர்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாமல் போவது. மூடுபனியில் வழி தவறி, தொலைபேசியில் சிக்னலும் இல்லாமல் நிற்கிற குழுவைத் தேடப் புறப்படுகிறவர்களுக்கு, எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு என்று சொல்ல அந்தச் சீட்டைத் தவிர வேறு பதிவு இல்லை. பின்னர் நட்டஈடு கேட்டுப் போனாலும், ‘அனுமதியில்லாமல் நுழைந்தவர்’ என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக்காட்டும்.

அடுத்தது காலநிலை. கோடை என்ற சொல்லை நம்பி இந்தத் தீவின் மலைக்கு வருவதே முதல் ஆபத்து. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் கண்ணாடியாக இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் முகில் திரண்டு இடியும் மின்னலும் இறங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கிறது. சிவனொளிபாதமலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் போயா தினத்தில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிந்துவிடும். அதன்பிறகு படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க்கடைகள் மூடியிருக்கும், வழித்துணைக்குக் கூட்டம் இருக்காது. ஜூன், ஜூலையில் நள்ளிரவில் நல்லதண்ணியிலிருந்து 2,243 மீட்டர் உயரத்துக்கு ஏறத் தொடங்குகிறவர்கள், மழையில் வழுக்கும் ஆயிரக்கணக்கான படிகளைக் கைவிளக்கு வெளிச்சத்தில் கடக்கவேண்டும். அதற்கான உடையும் பழக்கமும் இல்லாதவர்கள் யாத்திரைக் காலம்வரை காத்திருப்பது நல்லது.

இடி கேட்கிறது என்றால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். மலைமுகட்டிலும் வெட்டவெளிப் புல்வெளியிலும் நிற்காமல் உடனே கீழே இறங்குங்கள். தனித்து நிற்கும் மரத்தடி வேண்டாம். கூரை மூடிய வாகனமும் சுவருள்ள கட்டிடமும் பாதுகாப்பானவை. கடைசி இடி முழங்கி அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரவேண்டாம். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்ற பயத்தில் பலர் எட்டி நிற்கிறார்கள். அது தவறு. அவருடைய உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வதுதான் அவரைக் காப்பாற்றும். அந்த முதல் நிமிடங்களில் அதைச் செய்ய அங்கே இருப்பது கூட்டாளிகள் மட்டுமே.

இனி நீர். பம்பரகந்த 263 மீட்டர், தியலும 220 மீட்டர். நாட்டின் மிக உயரமான இரண்டு நீர்வீழ்ச்சிகள். தியலுமவின் உச்சியில் இருக்கும் இயற்கைத் தடாகங்களில் குளிக்கும் படங்கள் இணையமெங்கும் பரவியிருக்கின்றன. அந்தத் தடாகங்களுக்கு அடுத்து விளிம்புதான் என்பது படத்தில் தெரிவதில்லை. பாசி படிந்த ஈரப்பாறையில் எந்தச் சப்பாத்தும் பிடிக்காது. உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேலே ஒரு தோட்டத்தில் பெய்த மழை இருபது நிமிடத்தில் உங்கள் காலடிக்கு வந்துவிடலாம். தெளிந்த நீர் சற்றே கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் பையையும் செருப்பையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். நீர்மின் நிலையங்களுக்கும் அணைகளுக்கும் கீழே ஓடும் ஆறுகளில் மழையே இல்லாமலும் நீர் உயரும். கித்துல்கலையில் களனி கங்கையின் மட்டம் மேலேயுள்ள நீர்மின் நிலையத்திலிருந்து நீர் விடுவதைப் பொறுத்தது. உள்ளூர்க்காரர் ‘இப்போது இறங்கவேண்டாம்’ என்றால் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுங்கள். ஒருவர் மூழ்கும்போது அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரே குழுவில் இரண்டு, மூன்று மரணங்கள் நேர்கின்றன. கயிறு, நீளமான கொம்பு, முடிச்சுப்போட்ட சாரம், மூடிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், எது கைக்கு அகப்படுகிறதோ அதை எறியுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள்.

விளிம்பில் படமெடுப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்று அழைக்கப்படும் விளிம்பில் செங்குத்துப் பள்ளம் 800 மீட்டருக்கும் அதிகம். 2015இல் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் அடிவைத்த வெளிநாட்டவர் ஒருவர் அங்கே விழுந்தார். கீழே ஒரு மரத்தில் தங்கியதால் உயிர்பிழைத்தார், இராணுவத்தினர் மீட்டெடுத்தனர். எல்லாருக்கும் அந்த மரம் வாய்க்காது. எல்ல பாறைக்குப் போகிறவர்கள் ரயில் பாதையில் நடப்பதும் குற்றம். வளைவிலும் பாலத்திலும் ஒதுங்க இடமே இருக்காது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டால் எதற்கு அதிகம் பயப்படவேண்டும் என்று சொல்வார்கள்: குளவி. கொழுந்து பறிக்கும்போது குளவிக்கொட்டுக்கு உயிரிழந்த பெண்களின் செய்தி மலையகத்துக்குப் புதிதில்லை. பெரிய மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் தட்டையாகத் தொங்கும் மலைத்தேனீக் கூட்டையும் நம் மக்கள் குளவி என்றே சொல்கிறார்கள். புகை, கூச்சல், கல்லெறி எல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்காமல் முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு ஓடவேண்டும். தண்ணீருக்குள் பாய்ந்து ஒளிவது பயன்தராது; தலை தூக்கும்வரை அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கும். கொட்டிய கொடுக்கைத் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ தலை சுற்றினாலோ மலையிறங்கி முகாமுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஈரக்காட்டின் சருகுகளுக்குள் கிடக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய விரியனின் நஞ்சுக்கு இங்கு வழக்கமாகப் பயன்படும் இந்திய நஞ்சுமுறி மருந்து வேலைசெய்யாது. ஆகவே வைத்தியர் அதை ஏற்றவில்லையென்று சண்டைபிடிக்கவேண்டாம். அட்டைக்கடி அருவருப்பானதே ஒழிய ஆபத்து மிகக் குறைவு.

எலிக்காய்ச்சலை நான் இவை எல்லாவற்றையும்விடக் கவலையோடு பார்க்கிறேன், ஏனென்றால் அது வீடு திரும்பியபின்தான் வருகிறது. வயலோர வாய்க்காலிலும் ஓடையிலும் தேங்கிய நீரிலும் எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் வழியாகக் கலக்கும் கிருமி, காலில் உள்ள சிறு கீறலால்கூட உடம்புக்குள் போய்விடும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். வைத்தியரிடம் போகும்போது ‘நான் ஓடையில் இறங்கினேன்’ என்று நீங்களாகவே சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியம் தெரியாவிட்டால் அவர் டெங்கையே முதலில் தேடுவார். தாமதித்தால் சிறுநீரகம் கெடும். தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பயணத்துக்கு முன்பே கேளுங்கள்.

குழுவுக்குள்ளும் ஓர் உரிமை இருக்கிறது. ‘என்னால் முடியாது, திரும்புவோம்’ என்று ஒருவர் சொன்னால் எல்லாரும் திரும்பவேண்டும். அவரைப் பாதியில் உட்காரவைத்து ‘வரும்போது கூட்டிக்கொண்டு போகிறோம்’ என்று ஏறுவது நட்புக்கே பொருந்தாத செயல். புறப்படும்போதே திரும்பும் நேரத்தை முடிவுசெய்து, உச்சி கண்ணுக்கெதிரே இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். குடித்துவிட்டு ஏறுகிறவரோடு போகாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்லவேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் முதல்நாள் இரவே பாருங்கள். நீங்கள் போகும் மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு கூட்டிச்செல்கிற ஏற்பாட்டாளர்கள் பெருகிவிட்டார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா, வழிகாட்டிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்தால் அந்த ஆளோடு போகவேண்டாம். பற்றுச்சீட்டு வாங்குங்கள். ‘உயிருக்கோ உடலுக்கோ ஏற்படும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்த தாளில் பலரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் கையெழுத்திட்டதால் எல்லா உரிமையும் போய்விட்டது என்று நினைத்துக் குடும்பங்கள் வாய்மூடிவிடுகின்றன. அப்படிப் போவதில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, தன் கவனயீனத்தால் நேர்ந்த மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை ஒரு தொழில் நடத்துகிறவர் இப்படி ஒரு தாளால் உதறித்தள்ள முடியாது. பழுதான கயிறு, எச்சரிக்கையை மீறிக் கூட்டிப்போனது, பயிற்சியில்லாத வழிகாட்டி போன்றவை கவனயீனத்துக்கு உதாரணங்கள்.

விபத்து நடந்தால் உடனே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள், அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் உபகரணத்தையும் எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பதையும் படமெடுத்து வையுங்கள். மரணம் நேர்ந்தால் திடீர் மரண விசாரணையில் கூட்டாளிகள் மறைக்காமல் சாட்சி சொல்லவேண்டும். நண்பனின் பெயரைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சொல்லும் பொய் அவனுடைய பெற்றோரின் வழக்கைக் கெடுத்துவிடும். நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் தொடரவேண்டும். ஏமாற்றிய சேவைக்கு எதிராக நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும்; அதன் தொலைபேசி 1977. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. தாளில் எழுதிப் பையில் வையுங்கள், தொலைபேசி நனைந்தால் உதவும்.

கடைசியாக, நம் மொழியில் பேசும் உரிமை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் ஆழமான சுழி இருக்கிறது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய பலகைகளும், தமிழில் பொருளே மாறிப்போன பலகைகளும் இன்னும் இருக்கின்றன. வாசிக்கமுடியாத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது. அப்படி ஒன்றைக் கண்டால் படமெடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அந்த இடத்தில் கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள், பலகை வைக்க என்ன செய்யப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். குழுவில் ஒருவராவது இதைச் செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு அங்கே குளிக்க வருகிறவர் அந்தப் பலகையைத் தமிழில் வாசிக்கட்டும்.