பல அலைகளில் ஓர் அலை

1901-ஆம் ஆண்டு நியூயார்க் அருகே கடலில் நடந்த படகுப் பந்தயத்தின் செய்திகளைக் கம்பியில்லாத் தந்தி வழியாக அனுப்பப் போட்டி நிறுவனங்கள் முனைந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அலைகளைப் பரப்பின. விளைவு, ஒருவர் செய்தியும் தெளிவாகக் கரை சேரவில்லை. பந்தயச் செய்தி கெட்டால் பெருங்கேடில்லை. ஆனால் மூழ்கும் கப்பலின் அபயக்குரலும் அவ்வாறே அமுங்கிப்போகலாம் அல்லவா? பல அலைகளுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் வழி வேண்டியிருந்தது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த எளிய சுற்றே அவ்வழி.

இரண்டு உலோகத் தகடுகளும் அவற்றினிடையே மின்கடத்தாப் பொருளும் கொண்டது மின்தேக்கி. குளம் நீரைத் தேக்குவதுபோல் அது மின்னைத் தேக்குகிறது. கம்பிச்சுருளின் இயல்பு வேறு. நிற்கும் வண்டியை நகர்த்துவதும் கடினம். ஓடும் வண்டியை நிறுத்துவதும் கடினம். அதுபோலச் சுருள் மின்னோட்டத்தில் ஏற்படும் மாறுதலை எதிர்க்கிறது.

மின்னேற்றிய தேக்கியைச் சுருளுடன் இணைத்தால் மின்னோட்டம் பிறக்கும். தேக்கி வெறுமையானதும் ஓட்டம் நின்றுவிடுவதில்லை; சுருள் அதனைத் தொடர்ந்து செலுத்துகிறது. ஆகவே தேக்கி எதிர்த்திசையில் நிரம்புகிறது. பிறகு ஓட்டம் திரும்புகிறது. இவ்வாறு மின்சாரம் ஊஞ்சல்போல் ஆடுகிறது. இந்த ஆட்டத்தின் வேகத்தைக் கணக்கிடும் முறையை வில்லியம் தாம்சன் 1853-இல் வகுத்தார்.

ஊஞ்சலுக்கு இயல்பான ஒரு வேகம் உண்டு. அதற்கு இசையத் தள்ளினால் சிறு கையும் அதனை உயர ஆட்டிவிடும். இசையாமல் தள்ளினால் பயனில்லை. ஏரியலில் படும் அலைகளுள் சுற்றின் இயல்பான அதிர்வெண்ணுக்கு ஒத்த அலை மட்டுமே அதனைப் பெரிதும் ஆட்டுகிறது. இதுவே ஒத்ததிர்வு.

இதனை ஆலிவர் லாட்ஜ் 1890-இல் வெளியிட்ட சோதனையால் விளக்கினார். இரண்டு லெய்டன் சாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி வளையம். ஒன்றில் மின்பொறி எழுப்பி, மற்றதன் வளைய அளவை மெல்ல மாற்றினார். அளவு இசைந்தபோது, தொடர்பேதுமில்லாத இரண்டாம் சாடியிலும் பொறி தோன்றியது! வீணைக்குச் சுருதி கூட்டும் செயலை ஒத்தது இது.

200 மைக்ரோஹென்றிச் சுருளுடன் ஏறத்தாழ 127 பிக்கோஃபாரட் தேக்கியைச் சேர்த்தால் அதிர்வெண் வினாடிக்குப் பத்து லட்சம். அதாவது 300 மீட்டர் அலை. தேக்கியின் கொள்ளளவை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். பழைய வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பும்போது நிகழ்வது, தேக்கியின் தகடுகள் ஒன்றனுள் ஒன்று நுழைந்து கொள்ளளவு மாறுவதே.

சுற்றில் மின்தடை மிகுந்தால் தேர்வின் கூர்மை மழுங்கும். அடுத்த நிலையத்தின் குரலும் கலந்து கேட்கும். ஆதலால்தான் நல்ல சுருளைத் தடை குறைந்த கம்பியால் சுற்றுகின்றனர்.

இன்று பேருந்தில் கருவியருகே காட்டினாலே கட்டணம் கழியும் அட்டைக்குள்ளும் மெல்லிய சுருளும் நுண்ணிய தேக்கியும் உள்ளன. அவை 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இசைவிக்கப்பட்டவை. அட்டைக்குள் மின்கலம் இல்லை. அதன் வேலைக்கு வேண்டிய ஆற்றலை அந்த இசைவே கருவியிலிருந்து பெற்றுத் தருகிறது.