போனில் நேராக, கம்ப்யூட்டரில் சாய்ந்து: போட்டோக்களைச் சரி செய்வது எப்படி?

கார்த்திகை தீபத்திற்கும் பவுர்ணமி கிரிவலத்திற்கும் திருவண்ணாமலை செல்பவர்களில், ராஜகோபுரத்தைப் போட்டோ எடுக்காமல் ஊர் திரும்புபவர்கள் மிகக் குறைவு. போனில் பார்க்கும்போது கோபுரம் நேராக, கம்பீரமாக நிற்கும். வீட்டிற்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திறந்தால், சிலவற்றில் கோபுரம் பக்கவாட்டில் படுத்திருக்கும். குடும்பத்துடன் எடுத்த படத்தில் தாத்தாவும் பாட்டியும் சுவரில் நடப்பது போலத் தெரிவார்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதனைக் கண்டு, போன் கெட்டுவிட்டதோ, காப்பி செய்கையில் தவறு நேர்ந்ததோ என எண்ணுகின்றனர். இரண்டும் இல்லை. படம் நன்றாகவே இருக்கிறது. அதனை எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்று பைலுக்குள் எழுதப்பட்டுள்ள ஒரு சிறிய குறிப்பில்தான் விஷயம் உள்ளது. அந்தக் குறிப்பைப் புரிந்து கொண்டால், எந்தப் படத்தைத் திருப்ப வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

பைலுக்குள் ஒரு குறிப்பு

போனில் உள்ள கேமராவின் சென்சார் அசையாதது. போனை நிமிர்த்திப் பிடித்தாலும், படுக்க வைத்துப் பிடித்தாலும், சென்சார் தன் நீளவாக்கில்தான் படத்தைப் பதிவு செய்கிறது. எனவே நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், உண்மையில் பைலுக்குள் பெரும்பாலும் சாய்ந்த நிலையில்தான் இருக்கும்.

ஒரு கோடிப் புள்ளிகளுக்கு மேல் உள்ள படத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி அடுக்கி எழுதுவதைக் காட்டிலும், "இதனை வலப்புறமாக 90 டிகிரி திருப்பிக் காட்டவும்" என்று ஓர் எண்ணை மட்டும் எழுதி வைப்பது எளிது. போன் அதைத்தான் செய்கிறது. இந்தக் குறிப்பு எழுதப்படும் இடத்திற்கு எக்ஸிப் என்று பெயர். 1995ல் ஜப்பானிய எலக்ட்ரானிக் நிறுவனங்களின் சங்கம் இதற்கான முறையை வெளியிட்டது. படம் எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர், எடுத்த இடம் போன்றவையும் இதே எக்ஸிப் பகுதியில்தான் பதிவாகின்றன.

படத்தின் திசையைக் குறிக்க 1 முதல் 8 வரை எண்கள் உள்ளன. நாம் அடிக்கடி சந்திப்பவை நான்கு மட்டுமே. 1 என்றால் உள்ளபடியே காட்டவும். 3 என்றால் தலைகீழாகத் திருப்பிக் காட்டவும். 6 என்றால் வலப்புறமாக 90 டிகிரி திருப்பவும். 8 என்றால் இடப்புறமாக 90 டிகிரி திருப்பவும். மற்ற நான்கும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிய படங்களுக்கானவை.

இந்தக் குறிப்பைப் படித்து அதன்படி நடக்கும் புரோகிராமில் படம் நேராகத் தெரியும். படிக்காத புரோகிராமில் சாய்ந்து தெரியும். விண்டோஸ் 7 தொகுப்புடன் வந்த போட்டோ வியூவர் இதனைப் படிக்காது. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் விண்டோஸ் இதனைக் கவனித்துப் படத்தைக் காட்டுகிறது. விண்டோஸ் 7க்கான மைக்ரோசாப்ட் பாதுகாப்பு 2020 ஜனவரியுடன் முடிந்துவிட்டாலும், பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் பயன்படுத்துவோர் இன்னும் இந்தச் சிக்கலைச் சந்திக்கின்றனர்.

கோபுரத்தின் அடியில் நின்றால் போன் ஏன் குழம்புகிறது?

சில படங்கள் போனிலேயே சாய்ந்து தெரியும். இங்கு குறிப்பே தவறாக எழுதப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் புவி ஈர்ப்பு.

போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற சிறிய சென்சார் உள்ளது. பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது அளக்கிறது. போனை நிமிர்த்திப் பிடித்தால் இழுப்பு அதன் கீழ் விளிம்பை நோக்கி இருக்கும். படுக்க வைத்தால் பக்க விளிம்பை நோக்கி இருக்கும். இதை வைத்துத்தான் போன் தன் மேல்புறம் எது என முடிவு செய்கிறது.

இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம். கோயிலின் கிழக்கு வாயிலில் உள்ள ராஜகோபுரம் 11 நிலைகள் கொண்டது. உயரம் 217 அடி. தமிழகக் கோயில்களுக்குள் மொபைல் போன் பயன்படுத்துவதைத் தடை செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. எனவே பக்தர்கள் படம் எடுப்பது வெளியே, வீதியில் நின்றுதான். கோபுரத்திலிருந்து 50 அடி தொலைவில் நின்று உச்சியைப் பார்க்க, தலையை 75 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டும். அந்தக் கோணத்தில் போனைப் பிடித்தால், அது ஏறக்குறைய நம் முகத்திற்கு மேலே மட்டமாகப் படுத்துவிடும். அதன் திரை தரையைப் பார்க்கும். பூமியின் இழுப்பு எந்த விளிம்பையும் நோக்கி இல்லாமல், திரையை நோக்கி இருக்கும். மேல் எது, பக்கம் எது என்று போனால் சொல்ல இயலாது. கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ, அதையே குறிப்பாக எழுதிவிடும். பையிலிருந்து சாய்வாக எடுத்து உடனே மேலே காட்டியிருந்தால், படமும் சாய்ந்துவிடும்.

வாசலில் போட்ட மார்கழிக் கோலத்தை மேலிருந்து எடுக்கும்போதும், மேஜை மீது ரேஷன் கார்டையோ மதிப்பெண் சான்றிதழையோ வைத்து எடுக்கும்போதும் நடப்பது இதேதான். அங்கு போன் தரையைப் பார்க்கிறது, குழப்பம் ஒன்றே.

எடுக்கும்போதே தவிர்க்க

முதலில் போனை உங்கள் முகத்திற்கு நேராக நிமிர்த்திப் பிடிக்கவும். கேமரா திரையில் உள்ள சிறிய ஐகான்கள் நேராக நிற்கின்றனவா எனப் பார்க்கவும். நின்ற பிறகு, மெதுவாக மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ சாய்த்துப் படம் எடுக்கவும். ஐகான்கள் திரும்பிக் கொண்டால், மீண்டும் நிமிர்த்திச் சரி செய்திடவும்.

இடம் இருந்தால் பின்னால் செல்லவும். கோபுரத்தின் உயரமான 217 அடிக்குச் சமமான தொலைவில் நின்றால், உச்சி ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் தெரியும். இந்தச் சாய்வில் போனுக்குக் குழப்பம் வராது. கோபுரமும் மேலே குறுகித் தெரியாமல் அழகாக அமையும்.

ஆட்டோ ரொட்டேட் வசதியை நிறுத்தி வைத்தால் படம் சாயாது எனச் சிலர் நினைக்கின்றனர். பெரும்பாலான போன்களில் அந்த வசதி திரையை மட்டுமே கட்டுப்படுத்தும். கேமரா தன் குறிப்பைத் தனியே எழுதிக் கொண்டுதான் இருக்கும்.

முதலில் எந்த வகை எனக் கண்டறியுங்கள்

எடுத்து முடித்த படங்களைத் திருப்பும் முன் ஒரு சோதனை செய்திடவும். சாய்ந்து தெரியும் படத்தை, குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசர் விண்டோவிற்குள் மவுஸால் இழுத்து விடவும். இன்றைய பிரவுசர்கள் எக்ஸிப் குறிப்பைப் படித்தே படத்தைக் காட்டும்.

பிரவுசரில் நேராகத் தெரிந்தால், குறிப்பு சரி. நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம்தான் அதனைப் படிக்கவில்லை. படத்தைத் தொட வேண்டாம். வேறு புரோகிராமில் திறந்தாலே போதும். பிரவுசரிலும், போனிலும் சாய்ந்தே தெரிந்தால், குறிப்பு தவறு. அந்தப் படத்தை மட்டும் திருப்பவும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் திருப்புவதால் வரும் விளைவைப் பாருங்கள். குறிப்பு சரியாக உள்ள படத்தைச் சில பழைய புரோகிராம்களில் திருப்பி சேவ் செய்தால், அவை புள்ளிகளைத் திருப்பிவிட்டு, 6 என்ற பழைய குறிப்பை அப்படியே விட்டுவிடும். இப்போது கம்ப்யூட்டரில் படம் நேராகிவிடும். ஆனால் மகளின் போனுக்கு அனுப்பினால், அந்தப் போன் குறிப்பைப் படித்து மேலும் ஒருமுறை திருப்பும். படம் அங்கு சாய்ந்துவிடும். அவர் திருப்பி அனுப்புவார். உங்களிடம் மீண்டும் சாயும். இப்படிச் சுற்றிக் கொண்டே இருக்க வேண்டியதுதான்.

திருப்பும் வழிகள்

எதைச் செய்யும் முன்பும், போனில் உள்ள டிசிஐஎம் போல்டரைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து, அதற்கு "ஒரிஜினல்" எனப் பெயர் கொடுத்துத் தனியே வைக்கவும். திருப்பும் வேலையை இன்னொரு காப்பியில் மட்டும் செய்திடவும். மலை உச்சியில் தீபம் ஏற்றும் நொடி ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அந்தப் படம் கெட்டுப் போனால் மீண்டும் எடுக்க முடியாது.

போனில்: கூகுள் போட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து, எடிட் தேர்ந்தெடுத்து, கிராப் பிரிவுக்குச் செல்லவும். அங்குள்ள சுழலும் அம்புக்குறியை அழுத்தினால் படம் 90 டிகிரி திரும்பும். நேரானவுடன் சேவ் செய்திடவும். ஐபோனில் உள்ள போட்டோஸ் செயலியிலும் எடிட், கிராப் என இதே வழிதான்.

விண்டோஸ் 10 மற்றும் 11ல்: போல்டரைத் திறந்து, படத்தின் மீது ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் ரொட்டேட் ரைட், ரொட்டேட் லெப்ட் என இரு பிரிவுகள் இருக்கும். தேவையானதைக் கிளிக் செய்திடவும். கண்ட்ரோல் கீயை அழுத்தியவாறு பல படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே கிளிக்கில் அனைத்தையும் திருப்பலாம். படத்தை போட்டோஸ் செயலியில் திறந்திருந்தால், கண்ட்ரோல் மற்றும் ஆர் கீகளைச் சேர்த்து அழுத்தவும்.

பழைய கம்ப்யூட்டரில்: வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் இர்பான்வியூ புரோகிராமை அதன் பிளக்இன் தொகுப்புடன் இன்ஸ்டால் செய்திடவும். படத்தைத் திறந்து ஷிப்ட் மற்றும் ஜே கீகளைச் சேர்த்து அழுத்தினால், தரம் குறையாமல் திருப்பும் விண்டோ கிடைக்கும். எக்ஸிப் குறிப்பின்படி தானாகத் திருப்பும் வசதியும் அதில் உள்ளது.

தரம் குறையுமா?

ஜேபெக் படம், 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுச் சுருக்கி வைக்கப்படுகிறது. பெயிண்ட் போன்ற புரோகிராமில் திருப்பி சேவ் செய்தால், சுருக்கியதை விரித்து, திருப்பி, மீண்டும் சுருக்குகிறது. ஒவ்வொரு முறையும் சிறிது தரம் போகும். ஒருமுறையில் கண்ணுக்குத் தெரியாது. பலமுறை செய்தால் முகங்களின் ஓரங்கள் மங்கும்.

தரம் குறையாத முறையில், தரையில் பதித்த டைல்ஸ்களை உடைக்காமல் பெயர்த்து வேறு திசையில் பதிப்பது போல, கட்டங்கள் அப்படியே திருப்பி அடுக்கப்படுகின்றன. படத்தின் நீள அகலங்கள் 16ஆல் மீதியின்றி வகுபட்டால் இது முழுமையாக நடக்கும். 4032க்கு 3024 அளவுள்ள படத்தில் இரண்டு எண்களும் வகுபடும். 4000க்கு 3000 அளவில், 3000 வகுபடாது. எனவே ஓரத்தில் சில புள்ளிகள் வெட்டப்படலாம். கோபுரப் படத்திற்கு இதனால் பாதிப்பு இல்லை. விளிம்பு வரை எழுத்துகள் உள்ள சான்றிதழ் எனில், திருப்பிய பின் ஓரங்களைச் சரி பார்க்கவும்.

விண்ணப்பங்களுக்குப் படம் அனுப்புவோர் கவனத்திற்கு

வேலைக்கோ தேர்வுக்கோ இணையத்தில் விண்ணப்பிக்கையில், போனில் எடுத்த போட்டோவைப் பதிவேற்றுகிறோம். சில தளங்கள் எக்ஸிப் குறிப்பை நீக்கிவிடும். குறிப்பு போனவுடன் முகம் பக்கவாட்டில் படுத்துவிடும். எனவே பதிவேற்றிய பின், தளம் காட்டும் முன்தோற்றத்தைப் பார்க்காமல் இறுதி பட்டனை அழுத்த வேண்டாம். சாய்ந்திருந்தால், இர்பான்வியூவில் தானாகத் திருப்பும் வசதியைப் பயன்படுத்தி, புள்ளிகளையே நேராக்கிய காப்பியைப் பதிவேற்றவும்.

எடுத்த இடம் வெளியே தெரியக் கூடாது என எக்ஸிப் தகவல்களை நீக்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முதலில் படத்தை நிலையாகத் திருப்பவும். பிறகு தகவல்களை நீக்கவும். ஒரிஜினலில் மட்டும் நீக்க வேண்டாம். பத்து ஆண்டுகள் கழித்து, அது எந்த ஆண்டு தீபம் என்று சொல்லப் போவது அந்தத் தேதிக் குறிப்புதான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும்; தேதி போன்ற விவரங்களும் போய்விடும். பிரிண்ட் போட வேண்டிய படங்களை டாக்குமெண்ட் பிரிவின் மூலம் அனுப்பினால், பைல் உள்ளபடியே சென்று சேரும். ஸ்டூடியோவில் பிரிண்ட் கொடுக்கும்போது, அவர்களின் கம்ப்யூட்டர் திரையில் படம் எப்படித் தெரிகிறது என ஒருமுறை பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். பிரிண்ட் ஆன பின் திருப்ப எந்தப் புரோகிராமும் இல்லை.