பாலுக்கு இங்கே சட்டம் உண்டு

மட்டாஞ்சேரியில் பொரித்த பாற்கட்டிக்கு மட்டுமல்ல, தொட்டுக்கொள்ளும் சட்னிக்கும் விதிகள் இருக்கின்றன

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அது திருவிழாத் தீனி. சீஸ் தயாராகும்போது திரண்டு வரும் சிறு கட்டிகளை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே இழுபடும் பால் ருசி. தொட்டுக்கொள்ள மோர், மயோனைஸ், பூண்டு, வெங்காயம் சேர்ந்த 'ராஞ்ச்' சாஸ். இந்தத் தட்டு கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்தால், கைகளுக்கு முன் கேள்விகள்தான் நீளும்.

வியாபாரத்துக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குஜராத்திகளில் சமணர்களும் வைணவர்களும் உண்டு. குஜராத்தி சாலையில் சமணர்களின் தர்மநாதர் கோயில் இருக்கிறது. சமணர் ஒருவரின் முதல் கேள்வி: பாலைத் திரிக்க எதைச் சேர்த்தார்கள்? பழைய முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். இன்று நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரென்னெட் பரவலாக இருப்பதால், பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு ஆறுதலடையலாம். சாஸ் மட்டும் தப்பாது. பூண்டும் வெங்காயமும் மண்ணுக்கடியில் விளைபவை, மயோனைஸில் முட்டை.

பனீர் பக்கோடாவில் இந்தச் சிக்கல் இல்லை. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும், பால் திரியும். துணியில் கட்டிப் பாரம் வைத்தால் பனீர். அமிலத்தில் திரிந்ததால் எண்ணெயிலும் உருகி ஓடாது. கடலை மாவில் தோய்த்துப் பொரித்ததும் புளி, பேரீச்சை, வெல்லம் சேர்ந்த இனிப்புச் சட்னி ஒருபுறம்; கொத்துமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த காரச் சட்னி மறுபுறம். சுடச்சுட இரண்டிலும் மாறி மாறித் தொட்டால்தான் முழு ருசி. ஆசாரமான சமண வீட்டில் இந்தப் பச்சைச் சட்னியில் தயிர் கலக்க மாட்டார்கள். காய்ச்சாத தயிரும் பருப்பு வகையும் சேரக்கூடாது. கடலை மாவும் பருப்பு வகைதானே!

நடக்கும் தூரத்தில் யூதத் தெரு. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத தேவாலயம் அங்கேதான். யூதர்களுக்குச் சீஸ் விலக்கல்ல, ஆனால் தங்கள் மத விதிப்படி மேற்பார்வையில் செய்ததாக இருக்க வேண்டும். இறைச்சியோடு சேரவே கூடாது. அதனால் கொச்சி யூதர்களின் பலகாரமான 'பாஸ்டல்' கோழிக்கறி வைத்துப் பொரித்த அரைவட்டம் என்றால் அதில் சீஸுக்கு இடமில்லை. கறிக்குழம்பைக் கெட்டியாக்கத் தயிரோ பாலோ கூடாது என்ற நிலையில் கை கொடுத்தது கேரளத்தின் தேங்காய்ப் பால். பெயரில் பால், சட்டத்தில் காய்!

1948இல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலான கொச்சி யூதர்கள் அங்கே குடியேறினார்கள். யூதத் தெருவின் முகமாக விளங்கிய சாரா கோஹன் 2019இல் தமது 96ஆவது வயதில் மறைந்தார். தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கத்தான் ஆளில்லை. குஜராத்தி சாலையில் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.